நான்கு கடன்களும் கிழமைக்கு ஐம்பது ரூபாயும்: படுவான்கரையில் ஒரு நுண்கடன் நிகழ்வு ஆய்வு

2018 ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம். என்னிடம் கணிதம் படித்த பிள்ளை ஒன்றின் தாய் பொலித்தீன் பையுடன் வீட்டுக்கு வந்தார். பையில் கடன் தவணை குறிக்கும் மூன்று கொப்பிகளும், நான்காய் மடித்த ஒரு நாட்காட்டித் தாளும் இருந்தன. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தது. "சேர், இந்த நான்கிலும் எதற்கு யாரிடம் முறைப்பாடு செய்வது?" என்று கேட்டார். தேநீர் ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். கடன் கொடுத்த எவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை. 2014 சித்திரையில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குப் போக அந்த இடத்தில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். பாலம் வந்ததும் ஆசிரியர்கள் நேரத்துக்கு வந்தார்கள், நோயாளிகள் விரைவாகப் போனார்கள். அதே பாலத்தால் மோட்டார் சைக்கிளில் தோல்பை மாட்டிய இளைஞர்களும் வந்தார்கள். பாலத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் வந்த வழியும் அதுதான்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி வயல். மாரி மழையை நம்பி ஒரு போகம், மாசி பங்குனியில் அறுவடை. மற்ற மாதங்களில் கணவருக்குக் கிடைக்கும் கூலி வேலைதான் வருமானம். காசு ஆண்டில் ஒருமுறை மொத்தமாக வரும் வீடு அது. அப்படியான வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அறவிடும் கடன் பொருந்தாது என்று சொல்லப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. 2016 மாரி பொய்த்தது. அந்த வறட்சியில் விதைத்த நெல்லே திரும்பி வரவில்லை. அதன்பிறகு எடுத்த ஒவ்வொரு கடனும் அதற்கு முந்திய கடனின் தவணைக்காகத்தான்.

முதலாவது கொப்பி மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிதிக் கம்பனி ஒன்றினுடையது. கிழமைக்கு 1,450 ரூபாய். இரண்டாவது, கம்பனிப் பதிவாளரிடம் மட்டும் பதிந்த ஒரு தனியார் கம்பனி: கிழமைக்கு 1,280, அதோடு "சேமிப்பு" 50. மூன்றாவது ஊரின் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்: மாதம் சுமார் 2,000. நாட்காட்டித் தாள், உறவுக்காரப் பெண் ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாயின் கணக்கு. அதற்கு மாதம் 2,000 வட்டி மட்டும், முதல் அப்படியே நிற்கும். கூட்டிப் பார்த்தால் மாதம் 16,000 ரூபாய் போகிறது. கணவருக்குக் கிடைத்த கூலி பல மாதங்களில் அதைவிடக் குறைவு.

முதல் கடன் இருக்கும்போதே இரண்டாவது எப்படிக் கிடைத்தது? கொடுகடன் தகவல் பணியகம், சனங்களின் வாயில் கிறிப், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வங்கிகளும் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளும் தங்கள் கடன்களை அங்கே பதிகின்றன. இரண்டாவது கம்பனி அந்த வட்டத்துக்குள் இல்லை. அது எதையும் பதியவில்லை, எதையும் பார்க்கவுமில்லை. 2017 இறுதியில் அவரின் கிறிப் அறிக்கையை யாராவது எடுத்திருந்தால் ஒழுங்காகத் தவணை கட்டும் ஒற்றைக் கடன்காரியைத்தான் கண்டிருப்பார்கள். அப்படிக் கண்டதால்தான் முதலாவது கம்பனியும் அவரின் கடனைப் புதுப்பித்துக் கூட்டிக் கொடுத்தது.

இரண்டாவது கொப்பியில்தான் நான் மூன்று இரவு இருந்தேன்.

அட்டையில் கடன் தொகை 50,000 ரூபாய், வட்டி 28 சதவீதம், தவணை 50 கிழமை என்று இருந்தது. 28 என்றால் கொள்ளை வட்டி என்று எவரும் சொல்லமாட்டார். அந்தக் காலத்தில் கடன் அட்டைக்கே ஏறத்தாழ அந்த அளவு வட்டிதான். கணக்கு எளிது: 50,000க்கு வட்டி 14,000, மொத்தம் 64,000, ஐம்பதால் பிரித்தால் 1,280. இதைத்தான் கம்பனிக்காரர் பிளாட் வட்டி என்கிறார்கள். இருபத்தைந்தாம் கிழமையில் கடனில் பாதி திரும்பிப் போயிருக்கும். வட்டி மட்டும் முழு 50,000 இன்னும் அவர் கையில் இருப்பதாகவே ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துசெல்லும் கடன் மீதி முறையைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த முறையில் இதே கடனைப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 53 சதவீதம் வந்தது.

அதோடு முடியவில்லை. "கையில் எவ்வளவு தந்தார்கள், தங்கச்சி?" என்று கேட்டேன். 48,000 என்றார். ஆவணக் கட்டணம் 1,250, காப்புறுதி 750 முதலிலேயே கழித்துக்கொண்டார்களாம். அந்த 48,000ஐ வைத்துப் பார்த்தால் கிழமைக்கு 1.19 சதவீதம், ஆண்டுக்கு 62. வட்டிக்கு வட்டியும் சேர்த்துப் பயனுறு வீதமாகச் சொன்னால் 85 வரை போகும். அட்டையில் இருந்த 28 பொய்யில்லை. அதற்கு அர்த்தம்தான் இல்லை.

1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் இந்தத் தந்திரத்தை அப்போதே கண்டிருந்தது. கடனுக்குப் பிணையாக வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டியோ கட்டணமோ எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்கிறது அதன் பத்தாம் பிரிவு. வட்டி அளவுக்கு மிஞ்சியது என்று நீதிமன்றம் கண்டால் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்கலாம் என்றும் சொல்கிறது. நூறு வருடம் பழைய சட்டம், இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் அதைத் தொட வழக்கு வேண்டும், வழக்குக்குச் சட்டத்தரணி வேண்டும், அவருக்குக் கொடுக்க இன்னொரு கடன் வேண்டும்.

சரி, வழக்கு இல்லாமல் இந்தக் கம்பனியைக் கேட்பவர் யார்? ரசீதின் தலையில் பீ.வி. என்று தொடங்கும் இலக்கம் ஒன்று இருந்தது. அவரோடு குழுவாகக் கடன் எடுத்த பெண்கள் எல்லோரும் அதை அரசாங்கம் கொடுத்த அனுமதி என்றே நம்பியிருந்தார்கள். அது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவு இலக்கம், அவ்வளவுதான். புடவைக் கடை நடத்தும் கம்பனிக்கும் அது இருக்கும். கடன் கொடுக்க அனுமதி பெற்றதற்கான அடையாளம் அதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் கடன் மட்டும் கொடுப்பதற்கு அனுமதியே தேவைப்படவில்லை.

இந்த இடத்தில்தான் சட்டத்தின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவோரை மத்திய வங்கியின் கீழ் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டமும் பெயரில் நுண்கடனைச் சொன்னாலும் வைப்பு வாங்கிக் கடன் கொடுப்பவரையே நுண்நிதித் தொழில் செய்பவராக வரைவிலக்கணம் செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனிகளைப் பின்னர் ஒரு கைவிரல்களுக்குள் எண்ண முடிந்தது. அரச சார்பற்ற நிறுவனமாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் தன்னார்வ அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு. தன் சொந்த முதலையோ கொழும்பு வங்கியில் வாங்கிய பணத்தையோ ஊருக்குள் கொண்டுவந்து கொடுப்பவர் அப்போது இந்த வாசல் எதன் வழியாகவும் போக வேண்டியிருக்கவில்லை. காசு வைத்தவர் ஏமாறக் கூடாது என்பதே இச்சட்டங்களின் கவலை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் விழுந்து எழுந்த நாட்டில் அந்தக் கவலையில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வைப்பாளரைக் காப்பதற்குக் கட்டிய வேலி கடன்காரியின் வளவுக்குள் வராது.

அவர் வந்த அதே ஆடி மாதத்தில்தான் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட, பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்கள் தள்ளுபடியாகும். நிபந்தனை, 2018 ஜூன் 30ஆம் திகதி அன்று குறைந்தது மூன்று மாதம் நிலுவையில் இருந்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. ஐம்பது கிழமைக் கடனில் அந்த 35ஐக் காப்பாற்ற வேண்டுமானால், கணக்கிடும் முறையைப் பொறுத்து, பிளாட் வட்டி 15க்கும் 18க்கும் இடையில் நிற்க வேண்டும். நல்ல வரம்பு. இரண்டாவது கொப்பிக்கு அது செல்லாது.

தள்ளுபடியாவது முதலாவது கொப்பிக்குக் கிடைத்திருக்கலாம். அதில் அவருக்கு எட்டுக் கிழமைதான் நிலுவை. மூன்று மாதத்துக்கு இன்னும் ஐந்து கிழமை போதவில்லை. அந்த எட்டும்கூட இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டியது. உறவுக்காரியிடம் நூற்றுக்குப் பத்துக்கு வாங்கித்தான் பங்குனி முழுவதும் அவர் தவணையைக் கட்டியிருந்தார். பக்கத்து வளவுப் பெண் தை மாதத்திலேயே கட்டுவதை நிறுத்தியவர், அவரின் கடன் கழிந்தது. "நானும் கட்டாமல் விட்டிருக்க வேண்டுமா, சேர்?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

நிறுத்துவது அவ்வளவு எளிதும் அல்ல. குழுக் கடனில் ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் எழுந்து போக முடியாது. சில செவ்வாய்களில் அறவிட வந்த தம்பி இருட்டும்வரை திண்ணையில் இருந்தார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவருக்கும் அன்றைய கணக்கை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அவரும் நம் ஊர்ப் பிள்ளைதான். அந்த ஆண்டு செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோர் பெண்கள்மீது பிரயோகிக்கும் உளவியல், உடல், பாலியல் ரீதியான அழுத்தங்களைப் பகிரங்கமாகச் சொன்னார். எங்கள் ஊரில் நான் கண்டது அதில் மிக மெல்லிய பக்கம். அதற்கே அந்தப் பெண் செவ்வாய்க்கிழமைகளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கப் பழகியிருந்தார். கூடுதலாகச் சத்தம் போடுபவருக்கே காசு முதலில் போகும். அதனால்தான் சட்டத்துக்குள் இருந்த முதலாவது கம்பனிக்கு எட்டுக் கிழமை நிலுவையும், சட்டத்துக்கு வெளியே இருந்த இரண்டாவதற்கு மூன்று கிழமை நிலுவையும் ஆகியிருந்தன.

மூன்றாம் இரவில்தான் அந்த ஐம்பது ரூபாய் கண்ணில் உறைத்தது.

2017 நவம்பர் 28 முதல் 2018 ஜூன் 5 வரை 28 செவ்வாய்கள். ஒவ்வொன்றிலும் 1,280க்குப் பக்கத்து நிரலில் 50. நிரலின் தலையில் "சேமிப்பு" என்று கையால் எழுதியிருந்தது. மொத்தம் 1,400 ரூபாய். கடன் முடியும்போது திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வாங்கும் பணத்துக்குப் பெயர் என்ன? வைப்பு. வைப்பு வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாமல் வாங்கினால் குற்றம்.

நான் சிரித்துவிட்டேன், அவர் பயந்துவிட்டார். ஆண்டுக்கு 62 சதவீதம் வட்டி வாங்குவதைக் கேட்க ஆள் இல்லாத கம்பனியை, கிழமைக்கு ஐம்பது ரூபாய் சேமிக்கவைத்ததற்காகக் கேட்கலாம்! அவரின் 14,000 ரூபாய் வட்டிக்கு இல்லாத காவல் அவரின் 1,400 ரூபாய்க்கு இருந்தது. கடன்காரியாக அவர் அரசுக்குத் தெரியவில்லை. வைப்பாளராகத் தெரிந்தார்.

கடிதத்தை அந்தப் பக்கமாகவே எழுதினோம். வட்டி, திண்ணை, அழுகை எதையும் முதல் பந்தியில் வைக்கவில்லை. "மேற்படி கம்பனி அனுமதிப்பத்திரமின்றி என்னிடம் 28 தடவை பணம் வைப்பாகப் பெற்றுள்ளது" என்று தொடங்கி, கொப்பியின் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்து இணைத்தோம். மத்திய வங்கியில் இதற்குப் பொறுப்பான பிரிவு வங்கியல்லா நிதி நிறுவனங்களின் மேற்பார்வைத் திணைக்களம். பிரதி ஒன்றைக் கம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். உண்மையில் வேலை செய்தது அந்தப் பிரதிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நிதி அமைச்சருக்கும் எழுதலாம் என்று கிராமத்தில் சிலர் சொன்னார்கள். அப்போது ஒக்டோபர் 26 கடந்திருந்தது. பிரதமர் மாற்றப்பட்டு, பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்த 51 நாட்கள் அவை. உறையில் எந்த அமைச்சரின் பெயரை எழுதுவது என்பதே நாட்டின் பெரிய வழக்காக இருந்த நேரத்தில், 1,400 ரூபாய்க் கடிதத்தை யார் பிரிப்பது? எழுதவில்லை.

கார்த்திகையில் மத்தியஸ்த சபையின் அழைப்பு வந்தது, கம்பனியின் விண்ணப்பத்தின் பேரில். 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் தரும் விரைவு வழி 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கே உரியது. சிறு கடன்கள் முதலில் 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் சபை கூடும். சம்பளமில்லாத மூன்று மத்தியஸ்தர்கள், சின்னப் பிள்ளைகளின் வாங்குகள். வெளியே வேம்பின் கீழ் நின்றவர்களில் பெண்களே அதிகம், பலரின் கையில் கொப்பி. சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை, எனக்கும் இல்லை. நான் வேம்பின் கீழேயே நின்றேன்.

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை, இரு பக்கத்தையும் ஒரு புள்ளிக்குக் கொண்டுவரப் பார்ப்பார். சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் கொடுப்பார், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். கடன் நியாயமானதா என்ற கேள்வி அந்த வகுப்பறையில் எழுவது அபூர்வம். கிழமைக்கு எவ்வளவு கட்டுவாய் என்பதே கேள்வி. இம்முறை கம்பனி அலுவலர் தானாகவே இறங்கிவந்தார். மீதி 22 தவணை, 28,160 ரூபாய். அதில் "நலன்புரி நிதி" 1,400 கழியும், தண்டப்பணம் முழுவதும் விடுபடும், மீதி 26,760ஐக் கிழமைக்கு 500 படி கட்டலாம். சேமிப்பு அன்றைக்கே நலன்புரி நிதி ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? அடுத்த குழுவின் கொப்பியில் அந்த நிரலே இருக்கவில்லை. அவர் கையெழுத்திட்டார். நான் இருந்திருந்தால் ஆவணக் கட்டணத்தையும் கேட்டிருப்பேன். இல்லாமல் இருந்ததும் நல்லதுதான், அவருக்கு முடிந்துபோவதே பெரிதாக இருந்தது. 54 கிழமையில், 2020 தொடக்கத்தில், அது முடிந்தது.

மூன்றாவது கொப்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல கொப்பிகளைப் பற்றி எப்போதும் சொல்ல அதிகம் இருப்பதில்லை. நான்கிலும் மாதாமாதம் வட்டி குறைந்துகொண்டு போனது அது ஒன்றுதான். அங்கே அவர் அங்கத்தவர், பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். சங்கத்தின் குறை, பெட்டியில் காசு போதாது. இன்னொரு குறை சங்கத்துக்கு வெளியே இருக்கிறது. கூட்டுறவு மாகாண சபைக்குப் பகிர்ந்த விடயம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால், ஆளுநரின் கீழ் அதிகாரிகள் நடத்தும் நிர்வாகமாக அது மாறிவிட்டது. கிராமச் சங்கத்தின் மேல்முறையீட்டுக்கு உரிய கதிரை காலியாகவே கிடந்தது.

முதலாவது கொப்பியை மாதத் தவணையாக மாற்றிக்கொண்டோம். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது மத்திய வங்கி கடன் தவணைகளுக்குச் சலுகைக் காலம் அறிவித்தது. அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அதன் மேற்பார்வையில் இருந்தவர்கள் மட்டுமே. அவர் தப்பினார், ஆனால் விடுபட்ட மாதங்களின் வட்டி பின்னால் வந்து சேர்ந்தது. வேறு கம்பனிகளில் கடன் வைத்திருந்த அயலவர்களின் வாசலுக்கு ஊரடங்கு தளர்ந்த கிழமையே மோட்டார் சைக்கிள் வந்தது.

2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் தொடர் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 2023இல் நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. 2024 ஜனவரியில் பாராளுமன்றத்துக்குச் சென்று, உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கப்பட்டது. கடன் மட்டும் கொடுப்பவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதே அதன் புதுமை. இரண்டாவது கொப்பி போன்றவற்றை அது வேலிக்குள் கொண்டுவந்திருக்கும். ஆனால் அதே வேலிக்குள் கிராமத்துப் பெண்களின் சிறு சுழற்சிக் குழுக்களையும் கம்பனிகளுக்குச் சமமாக நிறுத்தினால் அடிபடுவது மூன்றாவது கொப்பியின் உறவுகள்தான் என்பது அப்போது என் பயம். ஐந்து பெண்கள் சீட்டுப் பிடிப்பதும், கொழும்பில் கிளைகளை எண்ணும் கம்பனி கடன் கொடுப்பதும் ஒரே தொழில் என்று வரைவிலக்கணம் செய்வது எழுதுவதற்கு எளிது.

நாட்காட்டித் தாள் மிஞ்சியிருக்கிறது. 2018 பங்குனி முதல் 2020 புரட்டாதி வரை 31 கோடுகள். 20,000க்கு 62,000 வட்டி போயிருந்தது, முதல் அப்படியே. எல்லாவற்றிலும் சட்டம் தெளிவாக எட்டக்கூடிய கடன் இதுதான் என்று அவரிடம் சொன்னேன். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவைக்கூட எழுதிக் காட்டினேன். கடதாசியைப் பார்க்காமலே மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"அவள் என் பெரியம்மாவின் மகள், சேர். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளும் அவள்தான்."

ஐப்பசியில் கன்றுடன் பசுவை விற்று முதலைக் கொடுத்தார். தாளை என்னிடம் தரவில்லை, அடுப்பில் போட்டதாகச் சொன்னார். முன்பு எடுத்துவைத்த பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை அவருக்குச் சொல்லவில்லை.